பலசாலி வேண்டாம், ஓடாத ஆள் வேண்டும்: 'கால் ஆஃப் கதுலு' ஆட்டத்துக்கு கேரக்டர் உருவாக்குவது எப்படி?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சிறுவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த விளையாட்டு 1974-ல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதே பாணியில், ஆனால் வாளுக்குப் பதிலாக பயத்தை மையமாக வைத்து ஆட நினைத்தால், உங்களுக்குச் சொல்லப்படும் முதல் பெயர்களில் ஒன்று 'கால் ஆஃப் கதுலு'.

எச்.பி.லவ்கிராஃப்ட்டின் திகில் கதைகளை அடிப்படையாகக் கொண்டு சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த இந்த விளையாட்டை, அமெரிக்காவின் கேயாசியம் நிறுவனம் 1981-ல் வெளியிட்டது. கதை பெரும்பாலும் 1920-களின் அமெரிக்காவில் நடக்கும். 'கீப்பர்' என்பவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு துப்பறிபவராக நடிப்பார்கள்.

சரி, அந்தத் துப்பறிபவரை எப்படி உருவாக்குவது? 7-ஆம் பதிப்பின் விதிகளை வைத்துப் பார்ப்போம்.

முதலில் என்ன செய்யணும்?

பகடை உருட்டணும். வலிமை, உடல்நலம், சுறுசுறுப்பு, தோற்றம், மனத்திடம் ஆகிய ஐந்துக்கும் தலா மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையை 5-ஆல் பெருக்க வேண்டும். சராசரியாக 52 அல்லது 53 வரும். உடல் அளவு, அறிவு, கல்வி ஆகிய மூன்றுக்கும் இரண்டு பகடை போதும். அந்தக் கூட்டுத்தொகையோடு 6-ஐச் சேர்த்து 5-ஆல் பெருக்கினால் சராசரி 65.

இந்த இரண்டு சராசரிகளையும் கவனியுங்கள். விதிகளின்படியே உங்கள் ஆள் படித்தவர், புத்திசாலி. ஆனால் பலசாலியாகவோ மனத்திடம் உள்ளவராகவோ இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மனத்திடம் 50 அல்லது அதற்குக் கீழே வருவதற்கான வாய்ப்பு சரியாகப் பாதிக்குப் பாதி.

மனத்திடத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஏனென்றால் அதுதான் உங்கள் 'சானிட்டி', அதாவது மன உறுதியின் தொடக்க மதிப்பெண். பயங்கரமான எதையாவது பார்த்தால் நூறு பக்கப் பகடை உருட்டுவீர்கள். உங்கள் சானிட்டி அளவுக்கோ அதற்குக் குறைவாகவோ வந்தால் இழப்பு சிறியது. தாண்டினால் பெரியது. பூஜ்யத்தைத் தொட்டால் அந்த கேரக்டர் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

உச்சக்கட்ட உதாரணம், கதுலுவையே நேரில் பார்ப்பது. உருட்டலில் தப்பினால் 1 முதல் 10 வரை இழப்பு, தோற்றால் 1 முதல் 100 வரை. சானிட்டி 45 உள்ள ஒருவர் அந்த ஒரே உருட்டலில் பூஜ்யத்துக்குப் போகும் வாய்ப்பு சுமார் 31%. சானிட்டி 70 என்றால் சுமார் 9%.

இதில் ஒரு சுவாரசியமான திருப்பமும் உண்டு. ஒரே தடவையில் 5 அல்லது அதற்கு மேல் சானிட்டி போனால், அறிவுக்கு ஒரு உருட்டல் உருட்டணும். அதில் ஜெயித்தால் உங்களுக்குத் தற்காலிகமாக மனம் தடுமாறும்! பார்த்தது என்னவென்று புரிந்துவிட்டது என்று அர்த்தம். தோற்றால், மனம் அதை மறைத்துவிடும். அதாவது அறிவு 75 உள்ளவருக்கு அந்த இடத்தில் 75% ஆபத்து.

திறன்களை எப்படிப் பிரிப்பது?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். எட்னா, வயது 34, பாஸ்டனில் நர்ஸ். முதல் உலகப்போரில் பிரான்ஸில் உள்ள ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தவர். கல்வி 70, அறிவு 75, மனத்திடம் 45.

நர்ஸ் வேலைக்கான புள்ளிகள் கல்வியைப் போல நான்கு மடங்கு, அதாவது 280. தனிப்பட்ட ஆர்வத்துக்கு அறிவைப் போல இரண்டு மடங்கு, அதாவது 150. மொத்தம் 430 புள்ளிகள்.

புதிதாக ஆடுபவர்கள் இதைப் பதினைந்து திறன்களுக்கு அள்ளித் தெளித்துவிடுவார்கள். அதில் சிக்கல் இருக்கிறது. கடினமான வேலைக்குத் திறனில் பாதிதான் கணக்கு, மிகக் கடினமானதற்கு ஐந்தில் ஒரு பங்கு. முதலுதவி 60 என்றால் கடினமான சூழலில் அது 30, மிக மோசமான சூழலில் 12. எனவே மூன்று, நான்கு திறன்களை 60-க்கு மேல் கொண்டுபோவது நல்லது.

அதேசமயம், நாலு பேரும் ஒரே திறனை வளர்க்கத் தேவையில்லை. கூர்ந்து கவனிக்கும் திறன் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே 25 உண்டு. நாலு பேரும் ஒரே அறையைத் தேடினால், ஒருவராவது கண்டுபிடிக்கும் வாய்ப்பு 68%. ஆனால் மருத்துவத்தின் தொடக்க மதிப்பு வெறும் 1. குழுவில் யாராவது ஒருவர் அதில் முதலீடு செய்தே ஆகணும்.

முன்கதை வெறும் அலங்காரமா?

இல்லை. நம்பிக்கை, முக்கியமான மனிதர், முக்கியமான இடம், பொக்கிஷமாக வைத்திருக்கும் பொருள் என்று கேரக்டர் ஷீட்டில் தனித்தனி இடம் உண்டு. அதில் ஒன்றை உங்கள் முதன்மைப் பிணைப்பாகக் குறிக்க வேண்டும். இழந்த சானிட்டியை மீட்க அந்தப் பிணைப்பு உதவும். மனம் தடுமாறும்போது கீப்பர் கைவைக்கும் இடமும் இந்த முன்கதைதான்.

அதனால் 'எட்னாவுக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்று எழுதினால் போதாது. 'போரிலிருந்து திரும்பிய தம்பி ராத்திரியில் தூங்குவதில்லை, யாரோ கூப்பிடுவதாகச் சொல்கிறான்' என்று எழுதிப் பாருங்கள். பாழடைந்த வீட்டின் கதவைத் திறக்க எட்னாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. புத்தியுள்ள எந்த மனிதரும் அங்கிருந்து ஓடிவிடுவார். உங்கள் ஆள் ஏன் ஓடவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், மற்ற எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதை நகராது.

எதில் ஜாக்கிரதையாக இருக்கணும்?

இரண்டு விஷயங்களில். ஒன்று, லவ்கிராஃப்ட்டின் இனவெறி. அவர் கதைகளில் கறுப்பின மக்களும் குடியேறிகளும் சித்தரிக்கப்பட்ட விதம் வெளிப்படையாகவே மோசமானது. அதை அப்படியே மேசைக்குக் கொண்டுவரத் தேவையில்லை. கிறிஸ் ஸ்பைவி எழுதிய 'ஹார்லெம் அன்பவுண்ட்', 1920-களின் ஹார்லெமில் கறுப்பினத்தவரையே நாயகர்களாக வைக்கிறது.

இன்னொன்று, மனநலம். சானிட்டி என்பது விளையாட்டு எண். மருத்துவ அளவுகோல் கிடையாது. மேசையில் இருக்கும் ஒருவர் நிஜத்தில் மனப்பதற்றத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம், சமீபத்தில் யாரையாவது இழந்திருக்கலாம். அவர் அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மனம் தடுமாறும் காட்சியைக் கேலிக்கூத்தாக நடிக்காமல், அந்த மனிதர் எதை இழக்கிறார் என்பதை நடித்துக் காட்டுங்கள்.

இதற்காகவே ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் என்பவர் 'எக்ஸ் கார்டு' முறையை உருவாக்கினார். மேசையில் ஒரு அட்டை இருக்கும். யார் தொட்டாலும் அந்தக் காட்சி நிறுத்தப்படும் அல்லது மாற்றப்படும். காரணம் கேட்கக் கூடாது.

முதல் ஆட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவை

- கேயாசியம் இலவசமாகத் தரும் தொடக்க விதிகளைப் படியுங்கள். முழுப் புத்தகம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.
- தனித்தனியாக வீட்டில் உருவாக்காமல், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேரக்டர்களை உருவாக்குங்கள். ஒருவருக்கொருவர் எப்படிப் பழக்கம் என்பதையும் முடிவுசெய்யுங்கள்.
- எந்த விஷயங்கள் கதையில் வரவே கூடாது என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள்.
- நீண்ட தொடர் ஆட்டம் என்றால் இரண்டாவது கேரக்டரையும் தயாராக வைத்திருங்கள். எட்னா கடைசிவரை தாக்குப்பிடிக்காமல் போகலாம். அப்போது அந்தத் தம்பி, அக்காவைத் தேடி வரலாம்.