மிதந்து வந்த துறை



வீட்டைக் கட்டியபின் சுவரைக் கொத்திக் குழாயும் மின்கம்பியும் பதிப்பதையே நாம் கண்டு பழகியிருக்கிறோம். இன்றோ பெரிய மருத்துவமனைகளுக்கும் மாடிக் கட்டடங்களுக்கும் நீர்க்குழாய், மின்கம்பி, காற்று செல்லும் தகரக் குழல் ஆகியவற்றை இரும்புச் சட்டமொன்றில் தொழிற்சாலையிலேயே பொருத்திச் சோதித்து, முழுத் துண்டமாகக் கொணர்ந்து இணைக்கின்றனர். மழையால் வேலை நிற்பதில்லை, நாளும் மிஞ்சுகின்றது.

இவ்வழி நம் திருகோணமலைக்கு முற்றிலும் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே, பம்பாயிற் கட்டிய மாபெரும் மிதக்கும் துறையொன்று இத்துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் தொட்டிகளில் நீரை நிரப்பினால் துறை அமிழும். கப்பல் உள்ளே புகும். யந்திரங்கள் நீரை இறைத்ததும் இரண்டும் மேலெழும்.

1944 ஓகஸ்ட் 8ஆம் நாள், 30,000 தொன்னுக்கு மேற்பட்ட 'வலியன்ட்' என்னும் போர்க்கப்பல், வெடிமருந்துச் சுமை முழுவதோடும் அதனுள் நின்றது. கப்பலின் பாரம் எங்கே மிகுதி, எங்கே குறைவு என்பதற்கேற்ற வரிசையில் தொட்டிகள் இறைக்கப்படவில்லை. துறையின் முதுகு முறிந்தது, அது மூழ்கியது. கப்பலின் உள்விசிறிகள் இரண்டும் சுக்கான்களும் சிக்குண்டன.

யந்திரத்தைப் பம்பாயிலிருந்து அனுப்பலாம். எந்தத் தொட்டியை முன்னே இறைப்பது என்னும் அறிவையும் அதனோடு கட்டியனுப்ப முடியுமா? கட்டடத் துண்டங்களுக்கும் இதே கணக்குத்தான். சுவர் அடைபடுமுன் எது உள்ளே ஏறவேண்டும், எந்த மூட்டு எதனோடு சேரும், எந்தக் குழாயில் முதலில் நீர் விடுவது என்பவற்றை வேலையிடத்தில் நிற்பவரே அறிந்திருத்தல் வேண்டும்.

வலியன்ட் பின்னர் பிரித்தானியா சேர்ந்தது. துறை நம் கடலடியிற் கிடந்தது.