மீனும் பயிரும் பஞ்சு நோயும்



மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் முறையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனோடு மீன் வளர்ப்பையும் இணைத்து, ஒரே நீரை இரண்டிற்கும் சுழல விடும் முறைக்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும், 1980ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், திலேப்பியா மீனையும் கீரை வகைகளையும் கொண்டு இதனைச் செப்பம் செய்தனர். திலேப்பியா என்பது வேறொன்றும் அன்று; நம்மவர் ஜிலேபிக் கெண்டை என்று வழங்கும் மீனே அது. இன்று மொட்டைமாடியிலேயே இம்முறையைக் கையாள்வோர் நம்மிடையே உளர்.

இதில் மீனுக்கு நோய் வந்தால் என்ன செய்வது? மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல் இருக்கிறது. அந்த நீரில் மீன் மட்டுமா குடியிருக்கிறது? மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கே நஞ்சு. பயிர்ப் பாத்தியிலுள்ள கூழாங்கற்களின்மேல் கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள் படிந்து வாழ்கின்றன. அவற்றுள் ஓர் இனம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றோர் இனம் அதனை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட் செடிக்கு உரம். செடி அதனை உறிஞ்சிக்கொள்ள, தூய்மை பெற்ற நீர் மீண்டும் மீனிடம் செல்கிறது. மீன், பாக்டீரியா, செடி ஆகிய மூன்றும் ஒரே கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பம் போன்றவை. ஒன்றிற்கு ஊற்றும் மருந்தை மற்ற இரண்டும் குடித்தே தீர வேண்டும்.

இனி நோயைப் பார்ப்போம். மீனின் உடலிலோ துடுப்பிலோ வெண்பஞ்சு ஒட்டியதுபோல ஒரு வளர்ச்சி தோன்றும். நாளடைவில் அது சாம்பல் நிறமோ பழுப்பு நிறமோ அடையும். நீருக்குள் இருக்கும்போது பஞ்சுபோல விரிந்து அசையும். மீனை வெளியே எடுத்தால் வழவழவென்று படிந்துவிடும். இதனை உண்டாக்குவது பெரும்பாலும் சாப்ரோலெக்னியா என்னும் நுண்ணுயிர். நான் படித்த காலத்தில் இதனைக் காளான் வகுப்பில் சேர்த்தே கற்பித்தார்கள். இக்காலத்து அறிஞர்கள் அவ்வாறு கொள்வதில்லை. காளான்களின் உயிரணுச் சுவரில் கைட்டின் என்னும் பொருள் உண்டு. இதன் சுவரிலோ செல்லுலோஸ் இருக்கிறது. 1845ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டின் உருளைக்கிழங்கைத் தாக்கிப் பெரும் பஞ்சத்தை விளைவித்த நோயுயிரும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இதற்கு உறவான அஃபனோமைசிஸ் என்பது 1988இல் நம் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் நுழைந்து, விரால் முதலிய மீன்களைப் புண்நோயால் மாய்த்தது.

சாப்ரோலெக்னியாவின் வித்துகள் இரண்டு நுண்ணிய சாட்டைகளை அசைத்து நீரில் நீந்துபவை. ஏறக்குறைய எல்லா நன்னீரிலும் அவை உண்டு. அப்படியானால் எல்லா மீன்களும் ஏன் நோயுறுவதில்லை? மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான சளிப்படலம் ஒரு கவசம். வலை உரசியோ, மீன்கள் தம்முள் கடித்துக்கொண்டோ அக்கவசம் கிழிந்த இடத்தில்தான் வித்து வேரூன்றுகிறது. குளிரும் அழுக்கு நீரும் மீனின் எதிர்ப்பாற்றலைக் குறைத்து அதற்கு வழிவிடுகின்றன.

எங்கள் ஓசூரில் மார்கழி இரவுகள் நல்ல குளிர். சென்ற ஆண்டு அம்மாதத்தில், என்னிடம் பயின்ற ஒருவர் கையில் ஒரு மருந்துப் புட்டியுடன் வந்தார். மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி, நாற்பது மீன்கள், தக்காளியும் கீரையும் வேறு. இரண்டு மீன்களின்மேல் பஞ்சு படர்ந்திருந்தது. “ஐயா, வண்ணமீன் கடையில் இதைக் கொடுத்தார்கள். ஊற்றலாமா?” என்றார். அதன்மேல் மலாக்கைட் பச்சை என்று எழுதியிருந்தது. “இந்த மீனை யார் சாப்பிடப் போகிறார்கள், தம்பி?” என்று கேட்டேன். “என் பிள்ளைகள்தாம்” என்றார்.

மலாக்கைட் பச்சை ஒரு சாயப்பொருள். பஞ்சு நோயை அது நன்றாகவே அழிக்கும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் மீனின் தசையில் வேறோர் உருவெடுத்து நெடுநாள் தங்கிவிடுகிறது. உடலுக்குத் தீங்கு செய்யும் என்ற அச்சத்தால், உண்ணும் மீனுக்கு அதனைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் இடங்கொடுப்பதில்லை. மெத்திலீன் நீலமும் மயில்துத்தமும் நம் பாக்டீரியாக்களுக்குக் கேடு செய்வன. அவை மடிந்தால் அம்மோனியா ஏறும். இரண்டு மீன்களுக்கு வந்த துன்பம் நாற்பதிற்கும் வந்து சேரும். மீண்டும் அவை நிலைபெறச் சில வாரங்கள் ஆகும்.

ஆதலால் நோயுற்ற மீனைத் தனியே பிரித்து, உப்பால் மருத்துவம் செய்வதே தக்க வழி. உப்பு எவ்வாறு உதவுகிறது? நன்னீர் மீனின் குருதியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புகள் உள்ளன. வெளியே நீரில் உப்பு மிகக் குறைவு. ஆகவே நீர் ஓயாது உட்புகுகிறது, உப்பு வெளியேறுகிறது. புண்பட்ட மீனுக்கு இந்த இழப்பு பன்மடங்கு. நீரில் சிறிது உப்பிட்டால் அதன் சுமை குறையும். நோயுயிரின் வளர்ச்சியும் தளரும்.

செய்முறை இது. ஒரு தொட்டியில் பெரிய தொட்டியின் நீரையே நாற்பது லிட்டர் எடுத்துக் காற்றுக் குழாயை விடுங்கள். வேறெதுவும் கலவாத கல்லுப்பு 400 கிராம் கரைத்து, கையை நனைத்துக்கொண்டு மீனை மெல்ல விடுங்கள். அரைமணி நேரம் போதும். அதற்குள் மீன் பக்கவாட்டில் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அருகிலேயே நின்று பார்ப்பது இன்றியமையாதது. பின்னர் லிட்டருக்கு 3 கிராம் உப்பிட்ட வேறு நீரில் ஒரு வாரம் வைத்து, நாள்தோறும் பாதி நீரை அதே உப்புக் கணக்கில் மாற்றுங்கள். உணவு சிறிதளவே போதும்.

அதே 3 கிராம் கணக்கைப் பெரிய தொட்டியில் போட்டால் என்ன? ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோ உப்பு! நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நீரை மாற்றினாலன்றி அது போகாது. அவரை போன்ற செடிகள் அதைத் தாங்கமாட்டா.

ஓர் எச்சரிக்கை. கொலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயிலும் வெண்படலம் தோன்றும். அது பஞ்சுபோல எழாமல் மஞ்சள் கலந்து தட்டையாகப் படியும். முதுகில் சேணம் இட்டதுபோலவும் காணும். வெப்பக் காலத்திலும் வரும். ஐயமிருந்தால் மீன்வளத் துறையினரிடம் காட்டுவதே நன்று.

அந்த நண்பரின் மீன்களுள் ஒன்று மூன்றாம் நாள் இறந்தது, மற்றது பிழைத்தது. எஞ்சிய முப்பத்தெட்டிற்கும் நோய் வரவில்லை. அதற்கு உப்பு காரணமன்று. இரவில் தொட்டியைப் போர்த்தினார்; தின்னாத தீவனத்தை அவ்வப்போது வடித்தெடுத்தார்; செத்த மீனை உடனே அகற்றினார். வெப்பமானி ஒன்றும் வாங்கினார். இந்த மீன் 27 முதல் 30 பாகை வரையுள்ள வெப்பத்தில் செழிப்பது. 20 பாகைக்குக் கீழே தீவனத்தை வெறுத்துத் தளர்ந்துவிடும். இப்போது புதிய மீன் வாங்கினாலும் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே சேர்க்கிறார்.

பயன்படுத்திய உப்புநீரைப் பயிர்ப் பாத்தியில் ஊற்றலாகாது. வீட்டில் தென்னை இருந்தால் அதன் தூரிலிருந்து சற்றுத் தள்ளி ஊற்றலாம். தென்னை உப்பைத் தாங்கும் மரம்.