நதி தெரியும் அறையா, அடுப்புள்ள மாடியா?

வளாக வாசல் – 6

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் ஒரே நெடுஞ்சாலையில்தான் இருக்கின்றன. ஆனால் புதிதாகச் சேரும் மாணவரைத் தங்கவைப்பதில் இரண்டும் இரு துருவங்கள். ஹார்வர்டில் முதலாண்டுக்கான அறையை நிர்வாகமே ஒதுக்கிவிடும். எம்.ஐ.டி.யில் எந்த விடுதி வேண்டும் என்று மாணவரே கோடை விடுமுறையில் வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். வந்து இறங்கியதும் எல்லா விடுதிகளும் கதவைத் திறந்துவைத்து அழைக்கும். சுற்றிப் பார்த்தபின் மனம் மாறினால் மாற்றிக் கேட்கவும் வழி உண்டு.

அவற்றில் பலருக்கும் முதலில் கண்ணில் படுவது பேக்கர் இல்லம். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்து 1949இல் முடிந்த செங்கல் கட்டடம். சார்லஸ் நதியோரம் பாம்பு நெளிவதுபோல் வளைந்து செல்கிறது. அந்த வளைவால்தான் பெரும்பாலான அறைகளிலிருந்து ஆறு தெரிகிறது. அறைகளும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒடுங்கிய அறைகளுக்கு மாணவர்கள் 'சவப்பெட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! பழுதுபார்க்க முடியாத பியானோவை மொட்டைமாடியிலிருந்து கீழே தள்ளும் வழக்கமும் 1972இல் இங்கேதான் தொடங்கியது.

ஸ்டீவன் ஹால் வடிவமைத்த சிம்மன்ஸ் விடுதி 2002இல் திறக்கப்பட்டது. பத்து மாடி, கடற்பஞ்சுபோல் உடம்பெல்லாம் துளை. ஒருவர் தங்கும் அறைக்கு ஒன்பது குட்டி ஜன்னல்கள். அந்தக் கட்டடத்தின் பின்னே ஒரு துயரம் இருக்கிறது. முன்பெல்லாம் புதியவர்கள் பலர் வந்த சில நாட்களிலேயே மாணவர் சங்கங்கள் நடத்தும் வீடுகளுக்குக் குடிபோய்விடுவார்கள். 1997இல் அப்படிப்பட்ட வீடொன்றில் 18 வயது முதலாண்டு மாணவர் அளவுமீறிக் குடித்து உயிரிழந்தார். அதன்பின், 2002 முதல், முதலாண்டினர் அனைவரும் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்று விதி வந்தது. அத்தனை பேருக்கும் கட்டில் வேண்டுமே!

மெக்கார்மிக் விடுதியின் கதை இன்னும் ஆழமானது. அது வருமுன்பே எம்.ஐ.டி.யில் பெண்கள் படிக்கத் தடை இல்லை. ஆனால் தங்க இடம் குறைவாக இருந்தது. அதைக் காரணம் காட்டியே அவர்களின் எண்ணிக்கை கட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தது. 1904இல் அங்கே உயிரியலில் பட்டம் பெற்றவர் கேத்தரின் டெக்ஸ்டர் மெக்கார்மிக். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர், கருத்தடை மாத்திரை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர். அவர் தந்த நிதியில் 1963இல் பெண்களுக்கான விடுதி எழுந்தது. பெயர்ப்பலகையில் அவர் கணவர் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கட்டடம் யார் படிக்கலாம் என்பதையே மாற்றும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இவை மூன்றிலும் சாப்பாட்டுக் கூடம் உண்டு. கூடம் உள்ள விடுதியில் தங்கினால் உணவுத் திட்டத்துக்கும் பணம் கட்டியாக வேண்டும். ஏறத்தாழ 90 பேர் மட்டுமே வசிக்கும் ரேண்டம் விடுதியில் கூடம் கிடையாது. அவரவரே சமைத்துக்கொள்ள வேண்டும். சலவை இயந்திரம் காலியா என்பதை இணையத்தில் பார்க்கும் வசதியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே மாணவர்கள் தாங்களாகவே செய்துவைத்த இடம் அது.

ரசமும் தயிர்சாதமுமாக வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல. ஆற்றின் அழகு ஒரு மாதத்தில் பழகிவிடும். பசி தினமும் மூன்று வேளை வரும். உங்கள் வீட்டிலிருந்து யாராவது விடுதிகளை வரிசைப்படுத்தும் அந்தப் பட்டியலை நிரப்ப உட்கார்ந்தால், ஜன்னலைப் பற்றிக் கேட்குமுன் அடுப்பைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)