ஐந்தாவது ஆளின் புள்ளி

டென்னிஸில் எதிரே ஓர் ஆளாவது நிற்பார். கோல்ஃபில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. ஆடுபவர், பந்து, புல்வெளி, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஆட்டத்தை அணி ஆட்டமாக்கி, பார்க்கிறவர்களை நகம் கடிக்க வைக்கும் போட்டி ஒன்று ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் அமெரிக்காவில் நடக்கிறது: கல்லூரி அணிகளுக்கான என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவு ஆடவர் கோல்ஃப் சாம்பியன்ஷிப்.

பழைய போட்டி இது. 1897-இல் தொடங்கியது, முதல் பட்டம் யேல் பல்கலைக்கழகத்துக்கு. ஜாக் நிக்லஸ் 1961-இலும், டைகர் உட்ஸ் 1996-இலும் இங்கே தனிநபர் சாம்பியன் ஆனவர்கள். ஃபில் மிக்கல்சன் மூன்று முறை வென்றார். 2024-இல் வென்ற ஹிரோஷி டாய் சிங்கப்பூர்க்காரர். இந்தப் பட்டியலைக் காட்டித்தான் பலரும் போட்டியின் பெருமையைப் பேசுவார்கள். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது நட்சத்திரங்கள் அல்ல, அணியின் ஐந்தாவது ஆள்.

ஆறு மண்டலப் போட்டிகளிலிருந்து 30 அணிகள் தேர்வாகின்றன. ஓர் அணிக்கு ஐந்து பேர். முதல் நான்கு சுற்றுகளில் ஐவரும் ஆடினாலும் சிறந்த நால்வரின் கணக்குதான் சேரும். ஒருவர் சறுக்கினால் அணி தப்பித்துக்கொள்ளும். முதல் மூன்று சுற்றுகள் முடிந்ததும் பாதி அணிகள் வெளியேறும். நான்காவது சுற்றோடு தனிநபர் பட்டம் முடிவாகிவிடும். முதல் எட்டு இடம் பிடித்த அணிகள் மட்டும் நாக்-அவுட்டுக்குள் போகும். அங்கே தப்பிக்க வழியில்லை. இரு அணிகளின் ஐவரும் ஆளுக்கு ஆள் மோதுவார்கள். மொத்த அடிகளை யாரும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு குழியிலும் யார் வென்றார் என்பதே பேச்சு. மூன்று ஆட்டங்களை வென்ற அணிக்கு வெற்றி. உலகத் தரத்தில் ஆடும் முதல் வீரர் வென்றாலும் ஒரு புள்ளிதான், யாரும் பெயர் கேட்டிராத ஐந்தாம் வீரர் வென்றாலும் ஒரு புள்ளிதான்.

காலிறுதியும் அரையிறுதியும் ஒரே நாளில். பணம் கொழிக்கும் தொழில்முறைப் போட்டிகளில் பையைத் தூக்கக் கேடி உண்டு. இங்கே மாணவரே தோளில் மாட்டிக்கொண்டோ தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டோ 36 குழிகள் நடக்க வேண்டும். கூடவே நடந்து யோசனை சொல்ல அனுமதி பயிற்சியாளருக்குத்தான்.

இந்த நாக்-அவுட் முறை 2009-இல் வந்தது. அதற்கு முன் நான்கு நாள் மொத்தக் கணக்கில் எந்த அணி முந்தியதோ அதற்கே கோப்பை. நான்கு நாள் சிறப்பாக ஆடிய அணி ஒரே காலைப் பொழுதில் வெளியேறுவது நியாயமா என்று அன்றே கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 2011-ஐ நினைத்தால் நான் புதிய முறையின் பக்கம்தான் நிற்பேன்.

அகஸ்டா ஸ்டேட், ஜார்ஜியா மாநிலத்தில் சில ஆயிரம் மாணவர்கள் படித்த கல்லூரி. மற்ற விளையாட்டுகளில் இரண்டாம் பிரிவு. கோல்ஃபில் மட்டும் முதல் பிரிவு. 2010-இல் அவர்கள் பட்டம் வென்றபோது அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்த ஆண்டு போட்டி நடந்தது ஓக்லஹோமா ஸ்டேட்டின் சொந்த மைதானமான கார்ஸ்டன் கிரீக்கில். அரையிறுதியில் எதிரணியும் அவர்களேதான். அந்த அணியின் பீட்டர் யூலைன் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன். அவரை அகஸ்டாவின் பேட்ரிக் ரீட், இன்னும் ஏழு குழிகள் மிச்சமிருக்கையிலேயே எட்டுக் குழி முன்னிலையோடு முடித்துவிட்டார். இறுதியில் ஜார்ஜியா பல்கலைக்கழகம். ரீட் முதலாண்டு படித்துவிட்டு வெளியேறிய இடம் அது! ஹாரிஸ் இங்கிலிஷை அவர் வென்றார். 3-2 கணக்கில் பட்டம் மறுபடியும் அகஸ்டாவுக்கு. ரீட் பின்னாளில் மாஸ்டர்ஸ் வென்றவர், அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ஒருவர் எவ்வளவு ஆடினாலும் மூன்று புள்ளி வராது. மீதி இரண்டை வேறு இருவர் வென்று கொடுத்தார்கள்.

மறு ஆண்டு இறுதிப் போட்டியில், லாஸ் ஏஞ்சலிஸின் ரிவியேரா மைதானத்தில், டெக்சாஸும் அலபாமாவும். ஜோர்டன் ஸ்பீத்தும் ஜஸ்டின் தாமஸும் நேருக்கு நேர். 15-ஆவது குழியில் ஸ்பீத் ஃபேர்வேயிலிருந்து அடித்த பந்து நேரே குழிக்குள் போனது. ஆனாலும் கோப்பையை முடிவு செய்தது அந்த ஆட்டமல்ல. கடைசிக் குழியில் டெக்சாஸின் டிலன் ஃப்ரிட்டெல்லி உருட்டிவிட்ட நீண்ட பட்.

சின்னக் கல்லூரிகளின் கதை அத்தோடு முடியவில்லை. இந்திய வம்சாவளியினரான சாஹித் தீகலா பெப்பர்டைனில் படித்தவர். 2020-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதைப் பெற்றார், ஆனால் கொரோனாவால் அந்த ஆண்டு சாம்பியன்ஷிப்பே நடக்கவில்லை. அவர் போன பிறகு, 2021-இல், அவர் விட்டுச்சென்ற தோழர்கள் இறுதிப் போட்டியில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை 3-2 என்று வீழ்த்தினார்கள்.

இனியும் சின்னக் கல்லூரிகள் இப்படி வெல்ல முடியுமா என்பதுதான் என் கவலை. நெடுங்காலமாக ஓர் ஆடவர் கோல்ஃப் அணி முழுவதுக்கும் சேர்த்து நாலரை உதவித்தொகைதான் தரலாம் என்று வரம்பு இருந்தது. பெரிய கல்லூரியும் அதற்குள்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். 2025-இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பின், அதை ஏற்ற கல்லூரிகள் ஒன்பது பேர் வரை வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். மாணவர்களுக்கு நல்ல செய்தி, மறுக்கவில்லை. ஆனால் முன்பு அகஸ்டாவைத் தேடி வந்திருக்கக்கூடிய பையனை இப்போது பணக்காரக் கல்லூரி ஒன்பதாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார வைக்க முடியும். கடைசி எட்டு அணிகளுக்குள் வந்துவிட்டால் எதுவும் நடக்கலாம். அந்த எட்டுக்குள் வர முதலில் ஆடத் தெரிந்த ஐந்து பேர் வேண்டும். அவர்களைச் சேர்க்கச் சிறு கல்லூரிகளுக்கு வழியென்ன என்று விதியைத் திருத்தியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.