நெய்வேலியில் 977 ஓட்டு... பென்சில்வேனியாவில் 44 ஆயிரம்! - அமெரிக்கத் தேர்தலில் சுரங்கத் தொழிலாளியின் குரல் எப்போது கேட்கும்?

2021 சட்டமன்றத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கையை நெய்வேலிக்காரர்கள் அவ்வளவு சுலபத்தில் மறக்க மாட்டார்கள். தி.மு.க-வின் சபா.ராசேந்திரன் பெற்றது 75,177 வாக்குகள். அ.தி.மு.க கூட்டணியில் களமிறங்கிய பா.ம.க வேட்பாளர் ஜெகன் பெற்றது 74,200. வித்தியாசம் வெறும் 977! ஒரே ஒரு வாக்குச்சாவடியில் விழும் ஓட்டுகள் அளவுதான். இப்படி நூலிழையில் முடிவு மாறும் ஊரை எந்தக் கட்சியும் அலட்சியம் செய்ய முடியாது. அடுத்த முறை தலைவர்கள் வருவார்கள், வாக்குறுதிகள் வரும்.

இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் போதும், அமெரிக்க அதிபர் தேர்தலின் பாதிச் சூட்சுமம் விளங்கிவிடும். அங்கேயும் ஜெயிப்பவரை முடிவு செய்வது, எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பது மட்டும் இல்லை. அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதும்தான்.

அதிக ஓட்டு வாங்கியும் தோற்கலாம்!

அமெரிக்காவில் 50 மாகாணங்கள். ஒவ்வொரு மாகாணத்துக்கும் மக்கள்தொகையைப் பொறுத்து பிரதிநிதிகள் சபையில் இடங்கள் உண்டு. செனட் சபையில், பெரியது சிறியது என்ற பாகுபாடே இல்லாமல் ஆளுக்கு 2 இடங்கள். இந்த இரண்டையும் கூட்டினால் வருவதுதான் அந்த மாகாணத்தின் 'தேர்வாளர்' எண்ணிக்கை. தலைநகர் வாஷிங்டனுக்கு 3 சேர்த்து மொத்தம் 538. அதில் 270 கிடைத்தால் வெள்ளை மாளிகை!

மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாகாணங்களிலும் ஒரே விதி. ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாகாணத்தின் மொத்தத் தேர்வாளர்களும் அவருக்கே. நம் ஊரில் 977 ஓட்டில் ஜெயித்தவரும், 50 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தவரும் ஒரே மாதிரி எம்.எல்.ஏ ஆவது போலத்தான்.

2000-ல் புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் ஜார்ஜ் புஷ் அதிபரானார். 2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் டிரம்ப்பைவிட சுமார் 28 லட்சம் ஓட்டுகள் அதிகம் வாங்கினார். ஆனாலும் தோற்றார். பென்சில்வேனியாவில் சுமார் 44 ஆயிரம் ஓட்டில் டிரம்ப் முந்தினார். மிச்சிகன், விஸ்கான்சின் இரண்டையும் சேர்த்தாலும் மொத்த வித்தியாசம் 80 ஆயிரத்தைத் தொடவில்லை!

வேட்பாளரை யார் தேர்ந்தெடுப்பது?

நம் ஊரில் கூட்டணிப் பேச்சுவார்த்தை, தொகுதிப் பங்கீடு, நேர்காணல் எல்லாம் முடிந்து சென்னையிலிருந்து பட்டியல் வந்தால்தான் வேட்பாளர் யாரென்று தெரியும். அமெரிக்காவில் இந்த வேலையையும் வாக்காளர்களே செய்கிறார்கள். 'பிரைமரி' என்ற உட்கட்சித் தேர்தல் மாகாணம் மாகாணமாக மாதக்கணக்கில் நடக்கும். அதனால்தான் அதிபர் தேர்தல் பிரசாரம் அங்கே ஓராண்டுக்கும் மேலாக இழுத்துக்கொண்டு போகிறது.

விதிவிலக்கும் உண்டு. 2024 ஜூலையில் ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகியதும், பிரைமரியில் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார் கமலா ஹாரிஸ். அவருடைய தாத்தாவின் பூர்வீக கிராமமான, மன்னார்குடி அருகே உள்ள துளசேந்திரபுரத்தில் பேனர் வைத்து, கோயிலில் சிறப்பு பூஜை நடத்தியதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு பெரிய வித்தியாசம், நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் நம் தேர்தல் ஆணையம் போன்ற அமைப்பு அங்கே கிடையாது. தேர்தலை நடத்துவது மாகாணங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க நம் வீட்டுக்கதவை அலுவலர் தட்டுவார். அங்கே பெரும்பாலான மாகாணங்களில் வாக்காளரே பதிவு செய்துகொள்ள வேண்டும். அதனால், ஆதரவாளர்களைத் தேடிப்பிடித்துப் பதிவு செய்ய வைப்பதே கட்சிகளுக்குப் பாதிப் பிரசாரம்!

பணம்... பணம்... பணம்!

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என 2022-ல் வரம்பு நிர்ணயித்தது தேர்தல் ஆணையம். நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம். கட்சியின் செலவுக்கு வரம்பில்லை என்பது வேறு கதை.

அமெரிக்காவில் வேட்பாளரின் செலவுக்கே வரம்பில்லை. நன்கொடைக்குத்தான் வரம்பு. 2024 தேர்தலில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு, பிரைமரிக்கு 3,300 டாலர், பொதுத்தேர்தலுக்கு 3,300 டாலர் வரை தரலாம். ஆனால், 2010-ல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டன. வேட்பாளரிடம் கொடுக்காமல், தனியாக இயங்கும் 'சூப்பர் பேக்' அமைப்புகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். 2024-ல் எலான் மஸ்க் 25 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலவழித்தது இந்த வழியில்தான்.

அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது? பெரும்பகுதி, எந்தப் பக்கமும் சாயக்கூடிய 'ஸ்விங்' மாகாணங்களுக்குத்தான். 2024-ல் அவை ஏழு. அந்த ஏழையும் டிரம்ப்பே வென்றார்.

இரண்டு சுரங்க மாகாணங்களின் கதை

நெய்வேலிக்கு நெருக்கமான கதை இங்கேதான் வருகிறது. பென்சில்வேனியாவும் மேற்கு வெர்ஜீனியாவும் பக்கத்துப் பக்கத்து மாகாணங்கள். நிலக்கரியால் வளர்ந்தவை.

பென்சில்வேனியா ஸ்விங் மாகாணம். கையில் 19 தேர்வாளர்கள். அங்கே பூமிக்கடியில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் 'ஃப்ராக்கிங்' தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. 2019-ல் ஃப்ராக்கிங்கைத் தடை செய்ய வேண்டும் என்று பேசிய கமலா ஹாரிஸ், 2024-ல் தடை செய்ய மாட்டேன் என்று மாற்றிச் சொன்னார். பென்சில்வேனியாவை இழந்தால் கணக்கே தப்பிவிடும் என்பது இரு கட்சிகளுக்கும் தெரியும்.

மேற்கு வெர்ஜீனியாவின் நிலைமை தலைகீழ். 2016-ல் 'டிரம்ப் டிக்ஸ் கோல்' என்ற பதாகைகளோடு சுரங்கத் தொழிலாளர்கள் டிரம்ப்பின் கூட்டங்களில் நின்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுகளை அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால், அவருடைய முதல் நான்காண்டு முடிவில் நாட்டின் நிலக்கரி உற்பத்தியும் சுரங்க வேலைகளும் அவர் பதவியேற்றபோது இருந்ததைவிடக் குறைந்துதான் இருந்தன. விலை குறைந்த எரிவாயுவோடு நிலக்கரியால் போட்டிபோட முடியவில்லை. இருந்தும் அடுத்தடுத்த தேர்தல்களில் அதே பெரிய வித்தியாசத்தில் அவரே அங்கே வென்றார். ஜெயிப்பது உறுதியான ஊரில் ஒரு கட்சிக்குக் கவலை இல்லை. தோற்பது உறுதியான ஊரில் இன்னொரு கட்சிக்கு வேலை இல்லை!

2006 நெய்வேலி... 2022 வாஷிங்டன்!

தேர்தல் முடிந்த பிறகு என்ன ஆகும்? 2006 ஜூலையில் என்.எல்.சி-யின் 10 சதவிகிதப் பங்குகளை விற்க மன்மோகன் சிங் அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்றைய முதல்வர் கருணாநிதி, மத்திய அரசிலிருந்து தி.மு.க விலகும் என எச்சரித்தார். அப்போது தி.மு.க-வின் கையில் 16 எம்.பி-க்கள். விளைவு, என்.எல்.சி மட்டுமன்றி எல்லா நிறுவனங்களின் பங்கு விற்பனை முடிவுகளையும் பிரதமர் நிறுத்திவைத்தார். நெய்வேலித் தொழிலாளியின் குரல் டெல்லியை அசைத்தது அப்படித்தான்.

அமெரிக்க அதிபரை இப்படி மிரட்ட முடியாது. ஆதரவு வாபஸ் என்ற பேச்சே அங்கே இல்லை. நான்காண்டுக் காலம் உறுதி. ஆகவே அதிபரிடம் நடத்தவேண்டிய பேரத்தை ஓட்டுப் போடும் முன்பே நடத்தியாக வேண்டும். ஸ்விங் மாகாணத்துக்காரர்களால் மட்டும்தான் அது முடிகிறது.

மிச்சமிருக்கும் ஒரே கதவு செனட். 2021-ல் செனட் 50-க்கு 50 என்று சரிபாதியாகப் பிரிந்தது. அப்போது மேற்கு வெர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்சின், சொந்தக் கட்சி அதிபரான பைடனின் திட்டத்தையே தடுத்து நிறுத்தினார். நீண்ட பேரத்துக்குப் பிறகு 2022 ஆகஸ்ட்டில், சுருக்கப்பட்ட சட்டம் நிறைவேறியது. அதைக் கரைசேர்த்த 51-வது ஓட்டு, துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ் போட்டது. நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளர்களுக்கான நிதிக்கு, நிலக்கரி நிறுவனங்கள் கட்டும் வரியை அந்தச் சட்டம் நிரந்தரமாக்கியது. அதிபர் தேர்தலில் யாரும் கண்டுகொள்ளாத சிறிய மாகாணம், இரண்டு செனட் இடங்களில் ஒன்றை வைத்துச் சாதித்தது இது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

1960 தேர்தலில் மேற்கு வெர்ஜீனியாவுக்கு 8 தேர்வாளர்கள். 2024-ல் 4. பென்சில்வேனியாவுக்கு 32 இருந்தது, 19 ஆகிவிட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகையைக் கணக்கெடுத்து இடங்களைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். மக்கள்தொகை வேகமாக வளரும் மாகாணங்களுக்கு இடம் கூடுகிறது, மற்றவற்றுக்குக் குறைகிறது. ஆனாலும் செனட்டின் அந்த 2 இடங்களில் யாராலும் கைவைக்க முடியாது.

நம் மக்களவையில் மாநிலங்களுக்கான பங்கு 1971 மக்கள்தொகைக் கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. 1967-லேயே 41-லிருந்து 39-க்கு இறங்கியவர்கள் நாம். நம் மாநிலங்களவையிலும் மக்கள்தொகையை ஒட்டித்தான் இடங்கள். மாநிலத்துக்குச் சமமாக இரண்டு என்ற ஏற்பாடு கிடையாது. தொகுதி மறுவரையறைக்கு எதிராக 2025 மார்ச்சில் சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடியதன் பின்னணி இதுதான். 2006-ல் நெய்வேலியைக் காப்பாற்றியது 16 எம்.பி-க்களின் பலம். மக்களவையில் தமிழ்நாட்டின் பங்கு சுருங்கினால், அந்த பலமும் சேர்ந்து சுருங்கும்.