லூக்கா நற்செய்தியாளரின் இனப் பின்னணி

லூக்கா, புதிய ஏற்பாட்டில் உள்ள லூக்கா நற்செய்தி, திருத்தூதர் பணிகள் ஆகிய இரு நூல்களையும் எழுதியவராகக் கிறித்தவ மரபு கருதும் நற்செய்தியாளர் ஆவார். இவ்விரு நூல்களும் சேர்ந்து புதிய ஏற்பாட்டின் கால் பங்கிற்கும் மேற்பட்டவை. இவர் யூதரா, பிற இனத்தவரா என்பது அறிஞரிடையே விவாதிக்கப்படுகிறது. பிற இனத்தவர் எனில், புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களுள் யூதரல்லாதவர் இவர் ஒருவரே எனப் பலர் கருதுகின்றனர்.

பிற இனத்தவர் என்பதற்கான சான்றுகள்

கொலோசையர் 4:10-11 பகுதியில் அரிஸ்தர்க்கு, மாற்கு, யுஸ்து ஆகிய மூவரும் விருத்தசேதனம் பெற்ற உடன் உழைப்பாளர்கள் எனக் குறிக்கப்படுகின்றனர். "அன்பார்ந்த மருத்துவர்" லூக்காவின் பெயரோ அதற்குப் பின்னரே, 14ஆம் வசனத்தில் வருகிறது. எனவே அவர் யூதர் அல்லர் என்பது பொதுவான முடிவு. அவர் சிரியாவின் அந்தியோக்கியாவைச் சேர்ந்தவர் என்று 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதியுள்ளார்.

நூல்களின் நடையும் இதற்குத் துணை நிற்கிறது. மாற்கு தரும் அரமேயச் சொற்கள் பலவற்றை லூக்கா விட்டுவிடுகிறார். 'கொல்கொதா' என்னாமல் 'மண்டை ஓடு' என்று மட்டும் எழுதுகிறார். 'அக்கலிதமா' என்னும் சொல்லை எருசலேம் மக்களின் மொழியிலுள்ள பெயர் என்று விளக்குகிறார் (திருத்தூதர் பணிகள் 1:19). முடக்குவாதமுற்றவரைக் கூரை வழியே இறக்கிய நிகழ்ச்சியில், மாற்கு கூரையைத் தோண்டியதாகக் கூறுகிறார். லூக்காவோ ஓடுகளைப் பிரித்ததாகக் கூறுகிறார் (5:19). இது பாலஸ்தீனத்தின் மண் கூரையை அன்று, கிரேக்க-உரோமை நகர வீட்டையே நினைவூட்டுகிறது.

மாற்றுக் கருத்துகள்

கொலோசையர் திருமுகத்தைப் பவுல் எழுதினாரா என்பதே சிலரால் ஐயுறப்படுகிறது. மேலும், 'விருத்தசேதனம் பெற்றோர்' என்னும் தொடர் இனத்தைக் குறிக்காமல், யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றிய பிரிவினரைக் குறிக்கலாம் என்பர். யூத மறைநூல்களின் கிரேக்கப் பெயர்ப்பான செப்துவசிந்தாவில் லூக்காவுக்கு இருந்த ஆழ்ந்த புலமையும் அவர் யூதர் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. நற்செய்தியின் முதல் நான்கு வசனங்கள் உயர்ந்த கிரேக்க உரைநடையில் அமைய, ஐந்தாம் வசனம் முதல் நடை செப்துவசிந்தாவின் நடையாக மாறிவிடுகிறது.

இடைப்பட்ட விளக்கம்

விருத்தசேதனம் பெறாமலே தொழுகைக்கூடத்திற்குச் சென்று யூத மறைநூல்களைக் கேட்டுவந்த பிற இனத்தார் அக்காலத்தில் இருந்தனர். அவர்கள் 'கடவுளுக்கு அஞ்சுவோர்' எனப்பட்டனர். நூற்றுவர் தலைவர் கொர்னேலியு அத்தகையவர் (திருத்தூதர் பணிகள் 10:2). லூக்காவும் அவர்களுள் ஒருவராக இருந்திருக்கலாம் என்னும் கருத்து, அவரது கிரேக்கக் கல்வி, மறைநூல் அறிவு இரண்டிற்கும் பொருந்துகிறது. இயேசுவின் வழிமரபை மத்தேயு ஆபிரகாமிலிருந்து தொடங்க, லூக்கா அதை மனித இனத்தின் முதல்வரான ஆதாம் வரை கொண்டு செல்வதும் (3:38) இப்பின்னணியில் கருதத்தக்கது.