நூறாண்டு அடைபட்ட வழி

2002 செப்டம்பரில், கலிபோர்னியாவின் கிளாமத் ஆறு கடலில் கலக்கும் பகுதியில், கரை நெடுகச் சால்மன் மீன்கள் செத்து ஒதுங்கின. குறைந்தது 34,000 என்பது அரசுக் கணக்கு. அதைப்போல் இருமடங்கு இருக்கலாம் என்ற மதிப்பீடும் உண்டு. எல்லாமே முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறி வந்த பெரிய மீன்கள். முந்தைய ஆண்டு வறட்சியில் பாசன நீரை அரசு நிறுத்தியதால் விவசாயிகள் கொதித்தெழுந்திருந்தார்கள். 2002ல் வயலுக்குத் தண்ணீர் போயிற்று, ஆற்றில் குறைந்தது. வெதுவெதுப்பான சொற்ப நீரில் நெருக்கியடித்து நின்ற மீன்களிடையே செவுளை அழுகவைக்கும் நோய் பரவியது.

சால்மன் பிறப்பது குளிர்ந்த ஓடையின் கூழாங்கற்களுக்கு நடுவே. குஞ்சு வளர்ந்து கடலுக்குப் போகும். சில ஆண்டுகள் கழித்து, பிறந்த நீரின் வாசனையை மோப்பம் பிடித்து அதே ஆற்றுக்குத் திரும்பும். பெண் மீன் வாலால் கல்லைப் பறித்துக் குழி தோண்டி முட்டையிடும். கிளாமத்தில் அதிகம் காணப்படும் சினூக் வகை, அதோடு உயிரை விட்டுவிடும். அந்த உடல்கள் கடலின் சத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கின்றன.

இந்தப் பாதையைத்தான் 1910களில் தொடங்கி 1962 வரை எழுந்த நான்கு நீர்மின் அணைகள் அடைத்தன. சால்மனால் மேலே ஏறிச்செல்ல முடியவில்லை. 640 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆறும் ஓடைகளும் மீனுக்கு இல்லாமல் போயின. தேங்கிய நீரில் கோடைதோறும் நச்சுப்பாசி படர்ந்தது; அணைக்குக் கீழே ஒட்டுண்ணி நோய் குஞ்சுகளைக் கொன்றது. ஈடுகட்ட, பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளை லட்சக்கணக்கில் விட்டார்கள். தொட்டியில் வளர்ந்த மீன் ஆற்றின் நோயைத் தீர்க்குமா?

யூரோக், காருக், ஹூப்பா, கிளாமத் பழங்குடிகளுக்குச் சால்மன்தான் சோறு, சடங்கு, பிழைப்பு எல்லாம். 2002ன் சாவுக்குப் பிறகு அவர்கள் ஓயவில்லை. அணைகளை நடத்திய மின் நிறுவனத்தின் அன்றைய தாய் நிறுவனம் ஸ்காட்லாந்தில் இருந்ததால், 2004ல் அங்கேயே போய்ப் பங்குதாரர்கள் முன் நின்றார்கள். 2006ல் அணைகளின் உரிமம் முடிந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் மீன் ஏணி கட்ட வேண்டும். அதற்காகும் செலவைவிட அணைகளை இடிப்பதே மலிவு என்று கணக்கு சொன்னது. நியாயத்துக்கு இறங்காத நிறுவனம் கணக்குக்கு இறங்கியது. ஆனால் அந்தக் கணக்கைப் போடும் நிலைக்கு அதைத் தள்ளியது பழங்குடிகளின் விடாப்பிடிதான்.

2022 நவம்பரில் அனுமதி கிடைத்தது. சுமார் 45 கோடி டாலர் செலவில், 2023ல் ஓர் அணையும் 2024ல் மற்ற மூன்றும் அகற்றப்பட்டன. அமெரிக்க வரலாற்றில் இதுவே மிகப்பெரிய அணை அகற்றம். பணி முடிந்த சில வாரங்களில், அக்டோபரில், அந்த நான்கில் மேலணை இருந்த இடத்துக்கும் அப்பால், ஓரிகன் மாநிலத்து ஓடையொன்றில் சினூக் சால்மனைப் பார்த்தார்கள் மீனியலாளர்கள். கடலிலிருந்து ஏறக்குறைய 370 கிலோமீட்டர். 1912க்குப் பிறகு அந்தப் பகுதியில் சால்மன் நீந்தியதே இல்லை. யாரும் பிடித்துக்கொண்டுபோய் விடவுமில்லை, தானாக ஏறி வந்தது!

வேலை இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. மேலே மிச்சமிருக்கும் இரண்டு அணைகளில் மீன் ஏணி உண்டு. 2025ல் சில சால்மன்கள் அவற்றையும் கடந்து மேல் கிளாமத் ஏரியை எட்டின. ஆனால் அங்கேதான் பாசனத்துக்கும் தண்ணீர் பிரிகிறது. வறண்ட ஆண்டில் வயலுக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்ற வழக்கு தீரவில்லை. மீன் குறைந்துபோனதால், கலிபோர்னியா கடலில் வணிகச் சால்மன் பிடிப்பு 2023 முதல் 2025 வரை மூன்று பருவமும் மூடிக்கிடந்தது.